நோட்டுஸ்வரமும் யாழ்மூரியும்

முத்தமிழ் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இயலும் இசையும் நாடகமும் ஒரு கொடியில் பூத்த மூன்று மலர்கள் என்று மேடையில் அறிஞர்கள் கூறக் கேட்டுக் கைதட்டியும் இருக்கிறோம். ஆயினும் அம்மூன்றனுள் இயலுக்கும் இசைக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கருவியில் பிறந்த இசைக்குச் சொல் வேண்டுமா? சொல்லைச் சேர்த்தால் அவ்விசை வளம் பெறுகிறதா, அன்றி இருந்த வளத்தையும் இழக்கிறதா? எங்கள் அலுவலகத்தில் சில கோப்புகள் மேசைக்கு மேசை நகர்ந்து, குறிப்பு மேல் குறிப்பு ஏறி, முடிவு மட்டும் எழுதப்பெறாமல் இருக்கும். இவ்வழக்கும் அத்தகைய கோப்புதான்.

இதனை நாம் எண்ணத் தொடங்கியது நூலகத்தில் அன்று, நம் வீட்டுக் கூடத்தில். தலைநகரின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு அறைகளுக்குள் வாழும் நமக்கு ஒரு மகள்; வயலின் பயில்கிறாள். தொடக்கப் பாடமாக ஆசிரியை நோட்டுஸ்வரம் ஒன்றைக் கற்றுத் தந்திருந்தார். அவள் நாள்தோறும் மாலையில் அதனையே இழைத்துக் கொண்டிருக்க, ஒரு நாள் நம் அன்னையார், “வெறும் மெட்டையே வாசிக்கிறாயே அம்மா, அதற்குள்ள சுவாமி பேரைச் சொல்லிக்கொண்டே வாசிக்கக் கூடாதா?” என்று கேட்டார். “சொல்லிக்கொண்டு வாசித்தால் வில் தப்புகிறது பாட்டி” என்றாள் சிறுமி. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆகவே யார் பக்கமும் பேசாமல் நாம் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டோம். எனினும் கேள்வி நம்மை விடவில்லை.

அச்சிறுமி வாசித்த மெட்டின் வரலாறே இவ்வழக்கிற்குச் சிறந்த சான்றாவணம் என்பது பின்னரே நமக்குப் புலப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி. சென்னைக்கு வடக்கே மணலி என்னும் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக விளங்கிய மணலி முத்துகிருஷ்ண முதலியார், இசையில் பேரறிவு வாய்ந்த இராமஸ்வாமி தீட்சிதரைத் திருவாரூரிலிருந்து தம் ஊருக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப்பின் அவர் மைந்தர் சின்னையா முதலியார் என்னும் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாதரவைத் தொடர்ந்தார். தீட்சிதரின் மூத்த மகன்தான் 1775-ல் திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர். இளைய மகன் பாலுஸ்வாமி தீட்சிதர். கம்பெனியாரின் தலைமை இடமான புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையரின் பாண்டு வாத்தியம் முழங்கும். முதலியாரோடு சென்று அதனைக் கேட்கும் வாய்ப்பு அக்குடும்பத்தார்க்குக் கிடைத்தது. அதன் பயன் இரண்டு. பாலுஸ்வாமி, முதலியாரின் ஏற்பாட்டால் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். இன்று கச்சேரி மேடையில் பாடகரின் பக்கத்தில் அக்கருவி அமர்ந்திருப்பதற்கு அவரும் ஒரு முதற்காரணர். முத்துஸ்வாமியோ அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சொல் புனைந்தார். ஏறத்தாழ 40 உருப்படிகள் அவ்வாறு தோன்றின. ஆங்கிலத்து ‘நோட்’ என்ற சொல்லே ‘நோட்டு’ ஆகி, அவற்றுக்கு ‘நோட்டுஸ்வர ஸாஹித்யம்’ என்று பெயர் நிலைத்தது.

ஒரு பேரறிஞர் விளையாட்டாகச் செய்த பொழுதுபோக்கு இது என்று சிலர் ஒதுக்கிவிடுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. கருவியில் மட்டும் ஒலித்த அயல்நாட்டு மெட்டு ஒன்றைச் சொல்லின் மேல் ஏற்றும்போது என்னென்ன நிகழ்கின்றன என்பதை இவற்றில்போல் வேறெங்கும் தெளிவாகக் காண்பதற்கில்லை.

‘சந்ததம் பாஹிமாம் ஸங்கீத ச்யாமளே’ என்னும் உருப்படியை எடுத்துக்கொள்வோம். இதன் மெட்டு இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் அவர்களது நாட்டுப் பண்ணின் மெட்டேயாம். மும்மூன்றாக அடி வைத்து நடக்கும் மெட்டு அது. முதல் மூன்று சுரங்களும் ஒரே அளவு. நான்காவது சுரம் தன் அளவுக்கு மேல் அரைப்பங்கு நீண்டு நிற்கும். அது நீண்ட அரைப்பங்கை ஈடுகட்ட ஐந்தாவது சுரம் அரையளவே ஒலித்து விரையும். ஆறாவது மீண்டும் முழு அளவு. இப்போது சொற்களைப் பொருத்திப் பார்ப்போம். ‘சந்ததம்’ என்பது முதல் மூன்றில் அமைகிறது. நீளும் நான்காவது சுரத்தில் ‘பா’ என்னும் நெடில் நிற்கிறது. விரையும் ஐந்தாவதில் ‘ஹி’ என்னும் குறில். ஆறாவதில் ‘மாம்’. அடுத்த அடியில் ‘ச்யாமளே’ என்ற சொல்லிலும் இதே ஒழுங்கு: நீளும் இடத்தில் ‘ச்யா’, விரையும் இடத்தில் ‘ம’. தையற்காரர் உடம்பை அளந்து துணியை வெட்டியது போன்றது இது. மெட்டின் எலும்பு எங்கெங்கு நீண்டிருந்ததோ அங்கெல்லாம் சொல்லின் தசையும் நீண்டிருக்கிறது.

இன்னொன்றையும் காணலாம். ‘சந்ததம்’ எனின் எப்பொழுதும். ‘பாஹிமாம்’ எனின் என்னைக் காப்பாயாக. மன்னனைக் காக்குமாறு இறைவனை வேண்டும் மெட்டு, என்னை எப்போதும் காக்குமாறு அன்னையை வேண்டும் மெட்டாகிவிட்டது. காக்கும் தொழில் மாறவில்லை. காக்கப்படுபவர் மட்டும் மாறினார். கோட்டைக்குள் கம்பெனிப் படையினர் தம் மன்னருக்காக முழக்கிய இசையைக் கோட்டைக்கு வெளியே ஒருவர் சியாமளாதேவியின் திருவடிக்குத் திருப்பிவிட்டார். திருவாரூர்க்காரரின் குறும்பு என்று இதனைச் சொல்லலாமா என்று நமக்கு ஆசையாக இருக்கிறது.

‘சுப்பிரமண்யம் ஸுரஸேவ்யாப்ஜபதம்’ என்னும் உருப்படி ‘பிரிட்டிஷ் கிரனேடியர்ஸ்’ என்ற படைநடைப் பாடலின் மெட்டில் அமைந்தது என ஆய்ந்தோர் காட்டுவர். குண்டெறி வீரர் நடந்து செல்லும் மெட்டு, தேவசேனாபதிக்கு உரியதாயிற்று. பொருத்தம் கண்டுதான் செய்திருப்பார். ‘ஜகதீச குருகுஹ’ என்பது ‘லார்டு மக்டானல்டு’ பெயரால் வழங்கிய ஸ்காட்லாந்து நடன மெட்டு என்பர். இங்கு மட்டும் நமக்குச் சற்று ஐயம் எழுகிறது. கால்கள் துள்ளுவதற்கென்றே பிறந்த மெட்டு அது. பக்திச் சொல்லை ஏற்றவுடன் துள்ளல் அடங்கிவிடுகிறது. பாடுவோர் வேகத்தைக் குறைக்கின்றனர், கேட்போர் கைகூப்புகின்றனர். மெட்டு தன் பழைய தொழிலை இழந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இழப்பு வேறு ஒன்றும் உண்டு. பாண்டு வாத்தியத்தில் ஒரு மெட்டு தனியே வருவதில்லை. அதன் கீழே தாழ்ந்த சுரங்கள் வேறு வழியில் நடந்து துணை நிற்கும். பல குரல்கள் ஒரே நேரத்தில் ஒத்திசைந்து ஒலிக்கும். ஒரு குரலுக்கு எழுதப்பெற்ற சொல் அவற்றுள் ஒன்றை மட்டுமே ஏந்த முடியும். தீட்சிதர் மேல்மெட்டை எடுத்துக்கொண்டார். கீழே நடந்தவை கோட்டையிலேயே தங்கிவிட்டன. அவற்றை எடுத்துவர நம் இசை மரபில் இடமும் இல்லை.

பெற்றவை எவை? முதலாவதாக, நினைவு. பாண்டுக்காரர் வாசித்த எத்தனையோ மெட்டுகள் அவர்களோடு கப்பலேறிப் போய்விட்டன. சொல் ஏறிய இவை மட்டும் இருநூறு ஆண்டுகள் கடந்து ஒரு சிறுமியின் வில்லுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இவற்றைக் காத்தவர்களை ஈண்டு நினைக்க வேண்டும். பாலுஸ்வாமியின் வழித்தோன்றலாகிய எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் (1839–1906), 1904-ல் ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ என்னும் பெருநூலையும், அடுத்த ஆண்டில் நோட்டுஸ்வரங்கள் பலவற்றை உள்ளடக்கிய தொடக்கப் பயிற்சி நூலையும் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டார். அவரை இத்தொண்டிற்குத் தூண்டியவர்களுள் ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார் தலையாயவர். நம் இசையை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதி 1890-களில் வெளியிட்டவர் அவர். அவர் சென்னை அரசுச் செயலகத்தில் பணிபுரிந்தவர் என்பதை அறிந்தபோது, பகலெல்லாம் கோப்பில் முகம் புதைக்கும் இனத்தவராகிய நமக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

இரண்டாவது பேறு கல்வி. நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. ஆனால் சங்கராபரணத்தை விரித்துப் பாடும்போது வரும் அசைவும் குழைவும் இவற்றில் இல்லை. சுரம் நேர்க்கோட்டில் நிற்கும். இளம் பிள்ளைகளுக்குச் சுரத்தானம் உறுதிப்பட இது நல்ல வழி. சொல்லும் இருப்பதால் தாளம் தவறினால் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். நம் மகளின் ஆசிரியையும் முதலில் வாயால் பாடச்செய்து, பிறகே வில்லைக் கையில் எடுக்கவிட்டார் என்பது பின்னர் தெரியவந்தது. அன்னையாரின் கட்சிக்கு அது ஒரு வலிமை.

எனினும் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம். ஒரு மெட்டுக்கு ஒரு சொல்தான் உரியது என்றால் சொல்லால் அது நிறைவு பெற்றது எனலாம். மெட்டோ எந்தச் சொல்லையும் மறுப்பதில்லையே! ‘ச்யாமளே மீனாக்ஷி’ என்ற நோட்டுஸ்வரத்தின் மெட்டை ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று விண்மீனைப் பார்த்துப் பாடுகின்றனர். அதே மெட்டில்தான் ஆங்கில அரிச்சுவடியையும் ஒப்பிக்கின்றனர். அம்மெட்டு 1761-ல் பிரான்சு நாட்டில் முதன்முதல் அச்சேறியபோது அதற்குச் சொல்லே இல்லை. பிறகு பிரெஞ்சுச் சொல் வந்தது; 1806-ல் வெளிவந்த ஜேன் டெய்லரின் விண்மீன் கவிதை பின்னர் அதில் ஏறியது; இங்கே மதுரை மீனாட்சி வந்து அமர்ந்தாள். காதல் பேச்சு, குழந்தைப் பாட்டு, எழுத்து வரிசை, தெய்வத் துதி ஆகிய நான்கையும் முகம் சுளிக்காமல் தாங்கும் மெட்டுக்கு இவற்றுள் எதுதான் பொருள்? சொல் மெட்டின் உயிர் அன்று, உடையே என்று வாதிடுவோர்க்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இவ்வாதத்தை மேனாட்டு இசைஞர் ஒருவரும் தம் வாழ்விலேயே எதிர்கொண்டார். ‘சொல்லற்ற பாடல்கள்’ என்ற தலைப்பில் பியானோவுக்கு இசை இயற்றிய மெண்டல்சன் என்பாரிடம் அவற்றின் பொருள் இன்னதென்று ஒருவர் கேட்டார். 1842-ல் அவர் எழுதிய மறுமொழி புகழ்பெற்றது. இசை சொல்லும் கருத்து தெளிவற்றிருப்பதால் சொல்லில் அடங்காமல் போகிறது என்று உலகம் எண்ணுகிறது. உண்மையில் அது சொல்லைவிடத் திட்டமாக இருப்பதால்தான் அடங்குவதில்லை என்பது அவர் கொள்கை. இது வெறும் மேனாட்டுத் தத்துவம் என்று நினைப்போர் நம் ஊர்க் கோயிலுக்குள் சற்றுச் செல்லட்டும். சுவாமி புறப்பாட்டின்போது நாகசுவரத்தில் மல்லாரி இசைப்பார்கள். கம்பீரநாட்டையில், தவிலின் துணையோடு, ஒரு சொல்லும் இன்றி ஒலிப்பது அது. தேர் மல்லாரி உண்டு. தளிகை மல்லாரி உண்டு. தீர்த்த மல்லாரி உண்டு. உள்வீதியில் நிற்பவர் வாசலுக்கு வராமலே, காதில் விழுந்த இசையைக் கொண்டு, திருமஞ்சன நீர் வருகிறதா, நிவேதனம் வருகிறதா, தேருக்கு எழுந்தருளுகிறாரா என்று சொல்லிவிடுவார். ஒரு சொல் கூட இல்லாமல் இத்துணைத் திட்டமாகச் செய்தி சொல்லும் இசைக்கு எந்தப் புலவரை அழைத்து என்ன எழுதச் சொல்வது? மல்லாரிக்குச் சொல் சேர்ப்பது, ஆலயமணிக்கு உரை எழுதுவது போன்றது என்பது நம் துணிபு.

வானொலி நிலையத்தின் முகப்பிசையையும் இவ்வகையில் வைக்கலாம். பிராகாவிலிருந்து அடைக்கலம் தேடி 1934-ல் பம்பாய் வந்த வால்டர் காஃப்மன் என்பார் அதனை அமைத்தார் என்பது பெரும்பான்மையோர் கருத்து. தம்புராவின் சுருதிக்கு மேல் வயலின் எழுப்பும் அச்சிறு மெட்டுக்கு இன்றுவரை எவரும் சொல் புனையவில்லை. ஆயினும் விடியற்காலையில் அதனைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர்க்கு அது அடுப்பங்கரைப் புகையையும் கிணற்றடி வாளியின் ஓசையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. இளையராஜா 1986-ல் வெளியிட்ட கருவியிசைத் தொகுப்புக்கு ‘ஹவ் டு நேம் இட்’ என்று பெயரிட்டார். என்ன பெயரிடுவது என்ற கேள்வியையே பெயராக இட்ட அத்தொகுப்பைத் தமிழ்நாட்டார் சொல்லின்றியே ஏற்று மகிழ்ந்தனர்.

மறுபுறமும் வலுவற்றதன்று. அயர்லாந்தில் திரட்டப்பெற்று 1855-ல் சொல்லின்றி அச்சான லண்டன்டெரி மெட்டு, வெதர்லி என்பார் 1913-ல் சொல் சேர்த்து வெளியிட்ட பின்னரே உலகெங்கும் பரவியது. நம் திரையுலகிலோ இது அன்றாடச் செயல். இசையமைப்பாளர் ‘தானன’ என்று தத்தகாரம் சொல்ல, கவிஞர் எதிரில் அமர்ந்து அளந்து சொல் தருவார். மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று பட்டிமன்றம் நடத்தாத ஊர்ச் சங்கம் உண்டோ? எம். எஸ். விசுவநாதனும் கண்ணதாசனும் இரு வழியிலும் நடந்து காட்டிய பிறகு அப்பட்டிமன்றத்தை மூடிவிட்டிருக்கலாம்.

நாட்டுப்பண் பற்றிய செய்தி ஒன்றைத் தலைநகரில் வாழும் நாம் சொல்லாமல் விடலாகாது. 1947-ல் நியூயார்க்கில் ஐக்கிய நாட்டுப் பேரவை கூடியபோது நம் தூதுக்குழுவினரிடம் நாட்டுப்பண் கேட்கப்பட்டது. அவர்களிடம் இருந்தது ‘ஜன கண மன’ இசைத்தட்டு ஒன்று. அங்குள்ள வாத்தியக் குழுவினர் அதனைப் பயின்று வாசிக்க, பன்னாட்டாரும் பாராட்டினர். 1948 ஆகஸ்டு 25-ல் அரசியல் நிர்ணய சபையில் இதனை எடுத்துரைத்த நேரு, நாட்டுப்பண் என்பது சொல்தான் எனினும் அதனினும் மிகுதியாக இசையே. அது பாடப்படுவதைவிட வாத்தியங்களில் வாசிக்கப்படுவதே அதிகம் என்ற கருத்தை முன்வைத்தார். 1950 ஜனவரி 24-ல் ‘ஜன கண மன’ நாட்டுப்பண்ணாக அறிவிக்கப்பெற்றது. தாகூரின் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது பாண்டு வாத்தியத்தில் எப்படி ஒலிக்கும் என்பதும் எடைபோடப்பட்டது என்பதை நம்மிற் பலர் அறியார். ஸ்பெயின் நாட்டாரின் கதை இதற்கு மறுதலை. அவர்கள் நாட்டுப்பண்ணுக்கு அரசு ஏற்ற சொல்லே கிடையாது. விளையாட்டரங்குகளில் தம் வீரர் வாய்மூடி நிற்பதைப் பொறாத ஒலிம்பிக் குழுவினர் போட்டி வைத்துச் சொல் எழுதுவித்தனர். 2008 ஜனவரியில் அது வெளிப்பட்ட சில நாட்களிலேயே எதிர்ப்புப் பொறுக்காமல் திரும்பப் பெற்றனர். சொல்லின்றி அனைவரும் எழுந்து நின்ற மெட்டுக்குச் சொல் வந்தவுடன் கட்சி பிறந்துவிட்டது.

அக்கட்சி நமக்கும் புதிதன்று. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்குக் குரல் எழுப்பினார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இராஜாஜியும் கல்கியும் துணைநின்றனர். மறுத்தவர்கள் கூறிய முதன்மையான நியாயம் என்ன? இசைக்கு மொழி இல்லை. நாதமே பொருள், சொல் இரண்டாம்பட்சம் என்பது. அவர்கள் இதனைக் கருவியிசை ஒன்றையே வைத்துச் சொல்லியிருந்தால் நாம் முதல் ஆளாகக் கைதூக்கியிருப்போம். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனையில் எம்மொழியை எவர் தேடினார்? ஆனால் வாய்ப்பாட்டுக்கு அந்நியாயத்தைக் கொண்டுவரும்போது அது தன்னைத்தானே அறுத்துக்கொள்கிறது. சொல் இரண்டாம்பட்சமாயின், அச்சொல் தமிழாய் இருப்பதால் குறைவது யாது? சொல்லும் வேண்டும் என்றால், கேட்பவனுக்கு விளங்கும் சொல் வேண்டும் என்பதில் தவறு யாது? கருவியின் பெருமையை எடுத்து மொழியின் உரிமையை மறைக்கக் கூடாது. நோட்டுஸ்வரங்களையே பாருங்கள். அவற்றின் நயத்தைச் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பதற்குப் பொருள் தெரிந்த பிறகுதான் நம்மால் சுவைக்க முடிந்தது. அதுவரை அது நமக்கும் ‘தானன’தான்.

பழந்தமிழர் இவ்வழக்கை எவ்வாறு வைத்தனர் என்று நோக்குமிடத்து, அவர்கள் எவரையும் எவருக்கும் அடிமையாக்கவில்லை என்று தோன்றுகிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசானை ஒருபுறமும், இசையாசிரியனை ஒருபுறமும், பாட்டுக்குச் சொல் வகுக்கும் புலவனை வேறாகவும், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரைத் தனித்தனியாகவும் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் இலக்கணம் சொல்கிறார். சொல்வல்லானும் கருவிவல்லானும் ஒரே அரங்கில் ஒத்த தகுதியோடு நின்றனர். கருவிகள் ஒன்றன் வழி ஒன்றாக இயைந்து ஒலித்த முறையையும் அக்காதை நிரல்படக் கூறுகிறது. தொல்காப்பியரோ இன்னும் நுட்பமானவர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று கணக்கு வகுத்தவர், இசையில் மட்டும் எழுத்து அவ்வளவைக் கடந்து ஒலிக்கும், ஒற்றும் நீளும் என்று யாழ் நூலாருக்கு வாயிலைத் திறந்து வைத்துவிட்டார். சொல்லின் சட்டம் நரம்பின் எல்லையில் தளர்கிறது என்பதை ஓர் இலக்கண ஆசிரியரே ஒப்பியிருக்கிறார்.

நரம்பின் எல்லையும் ஓரிடத்தில் வெளிப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தலந்தோறும் பதிகம் பாடிச் செல்ல, திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடன்சென்று அவற்றை யாழில் இசைத்து வந்தார். காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், பிள்ளையாரின் பதிகங்கள் உலகில் பரவுவது நீர் யாழில் இடுவதால்தான் என்று அவரைப் புகழ்ந்துவிட்டனர். அப்புகழ்ச்சி அவருக்கு அம்பாய்த் தைத்தது. கருவியில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டும் என்று தாமே சம்பந்தரிடம் விண்ணப்பித்தார். அப்படி எழுந்ததுதான் ‘யாழ்மூரி’. சேக்கிழார் இதனை விரித்துரைக்கும் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நம் நெஞ்சம் யாழ்ப்பாணரின் பக்கமே சாய்கிறது. பதிகத்தை நரம்பில் இட முயன்று, இயலாமல், கைநடுங்கி, இக்கருவியால் அன்றோ இப்பழி வந்தது என்று யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து அதனைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவன் புகழ் முழுவதும் ஒரு கருவியில் அடங்குமோ, இதில் வந்த அளவு வாசிப்பீராக என்று கூறி மீண்டும் அவரிடமே கொடுத்தார். கருவி தோற்றது என்று அவர் சொல்லவில்லை. உடைக்கவும் விடவில்லை. யாழ்ப்பாணரும் அன்றோடு வாசிப்பதை நிறுத்திவிடவில்லை. பின்னும் பல தலங்களுக்கு அந்த யாழோடு உடன்நடந்து, நல்லூர்ப் பெருமணத்துச் சோதியிலும் அவரோடே கலந்தார் என்பது பெரியபுராணம்.

யாழ் இன்று வழக்கில் இல்லை. யாழ்மூரியை ஓதுவார்கள் அடாணாவில் பாடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் நடந்த திருமுறை விழா ஒன்றில் அதனைக் கேட்கும் பேறு நமக்கு வாய்த்தது. மகளையும் அன்னையாரையும் அழைத்துச் சென்றிருந்தோம். ஓதுவாருக்கு வயலின் துணை. பாலுஸ்வாமி கோட்டைப் பக்கத்து வெள்ளையரிடம் கற்றுக்கொண்ட அதே கருவி, ஏனைய பதிகங்களிலெல்லாம் நிழல்போல் பின்தொடர்ந்தது. யாழ்மூரி வந்தபோது, வயலின்காரர் முதல் இரண்டு பாடல்களில் உடன் வந்தார். மூன்றாவதில் ஓரிடத்தில் வில்லை நரம்பினின்றும் சற்றே உயர்த்தி நிறுத்திக்கொண்டு, ஓதுவாரின் முகத்தையே பார்த்திருந்தார். அவ்வடி முடிந்து ஓதுவார் மூச்சு வாங்கிய இடைவெளியில், சொல் எதுவும் இல்லாத அந்தச் சிறு வெளியில், அவர் வில் இறங்கியது.